ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பால்கனியைச் சுத்தம் செய்கிறார். வாரம் முழுக்கப் புறாக்களும் மைனாக்களும் தின்று சிதறவிட்ட கம்பு, உமி, தீனித்தட்டின் விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிய எச்சம். எல்லாவற்றையும் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறார். தட்டைச் சுவரில் நாலு தட்டு தட்டி உதறிவிட்டு, புதுத் தீனி போட்டு வைக்கிறார். பதினொரு மணிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மத்தியானச் சாப்பாடும் நன்றாகத்தான் இறங்குகிறது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் உடம்பு கனக்கிறது, குளிர்கிறது, வறட்டு இருமல் வருகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு போதவில்லை. மாத்திரை போட்டுப் படுத்தால் திங்கள் இரவுக்குள் சரியாகிவிடுகிறது. வைரஸ் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த ஞாயிறும் அதே கதை.

வைரஸுக்குக் கிழமை தெரியாது. இந்தக் காய்ச்சலுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் இங்கே சொன்னது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. பறவை வளர்ப்போருக்கு வரும் ஒரு நுரையீரல் நோயை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விவரிக்கும் மாதிரிக் கதை. எனக்குச் சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. மொட்டைமாடியில் தீனித்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வைத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கதையை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

முதலில் தூசியைப் பார்ப்போம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணாடி ஓடு தெரியும். அதன் வழியே இறங்கும் வெயில் தூணில் துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் பார்த்தாலும் அவை விழுந்து முடிவதில்லை. கல் விழுகிறது, மணல் விழுகிறது, இவை மட்டும் ஏன் விழுவதில்லை? அவையும் விழுகின்றன, நம் பொறுமைக்குள் விழுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு துகளின் விட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் காற்றின் தடை பத்தில் ஒன்றாக மட்டுமே குறையும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முடியைவிடச் சற்றுப் பெரிய, 100 மைக்ரான் அளவுள்ள துகள், நம் மூக்கின் உயரத்திலிருந்து தரைக்கு வர ஆறேழு விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் துகளோ, காற்று அசையாத அறையில்கூட, கிட்டத்தட்ட 12 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மின்விசிறி சுழலும் வீட்டில் அது இறங்கவே இறங்காது என்று வைத்துக்கொள்ளலாம். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், தான் கிளப்பியதைச் சாயங்காலம் வரை சுவாசித்துக்கொண்டிருக்கிறார்.

புறாவிடம் இந்த அளவுள்ள தூசி ஏராளம். வேகமாக வந்து சன்னல் கண்ணாடியில் மோதிய புறா, சில சமயம் தன் உருவத்தையே அதில் அச்சாக விட்டுவிட்டுப் போகும். விரித்த இறக்கை, கழுத்து, வால் எல்லாம் வெண்மையாகத் தெரியும். அந்த அச்சு முழுவதும் பொடிதான். புறாவின் உடலில் சில இறகுகள் உதிர்ந்து உதிர்ந்து, ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுள்ள மெழுகுப் பொடியாகின்றன. இறகுகளை நனையாமல் காக்க அது உதவுகிறது. இறகுப்பொடி என்று அதை அழைக்கலாம். பறவையின் உடலில் சுரக்கும் புரதங்கள் இந்தப் பொடியின் மேல் பூச்சாகப் படிந்திருக்கின்றன. காய்ந்து நொறுங்கும் எச்சத்தில் பறவையின் குடல் சளிப் புரதங்களும் இருக்கின்றன. இந்தப் புரதங்கள்தான் கதையின் வில்லன்கள். எச்சத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற நாம், சுத்தமாக மினுமினுக்கும் இறகைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

சரி, உள்ளே போகும் தூசியை நுரையீரல் எப்படிச் சமாளிக்கிறது? மலைப்பாதையில் பஸ் வேகமாகத் திரும்பும்போது, பிடிமானம் இல்லாமல் நிற்பவர் சன்னல் பக்கம் போய் மோதுவார். மூச்சுக் காற்றிலும் இதேதான் நடக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் காற்று சட்டென்று வளையும். பெரிய துகள்களால் கூடவே வளைய முடியாமல் ஈரமான சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். தப்பியவை மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் அங்கே இன்னொரு ஏற்பாடு உண்டு. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அது மாதிரி. குழாயின் உட்சுவரில் இருக்கும் குறு இழைகள் சளிப்படலத்தை இடைவிடாமல் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒட்டிய தூசியும் அதோடு சேர்ந்து மேலே வந்துவிடும்.

ஆனால் ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரை உள்ள துகள்கள் எல்லா வளைவிலும் பிசகாமல் திரும்பத் தெரிந்தவை. இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பிரிவுகளைக் கடந்து, கடைசியில் இருக்கும் காற்று நுண்ணறைகள் வரை போய்விடும். அந்த அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும், இரண்டு படுக்கையறை கொண்ட சின்ன அடுக்ககத்தின் தரை அளவு. அங்கே சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. ஆக்சிஜன் கடக்க வேண்டுமே, தடிமனாக இருந்தால் எப்படி? அதனால் அங்கே சளியும் இல்லை, குறு இழையும் இல்லை, சித்தாள் வரிசையும் இல்லை. வந்ததை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்கள் மட்டுமே உண்டு.

தூசி போகும் இந்தப் பாதையில்தான் ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது. பறவைத் தட்டு வைக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாததும் இதனால்தான். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக் குழாயின் தசை எதற்கெடுத்தாலும் சுருங்கும். தூசியோ குளோரின் நெடியோ பட்டால் சில நிமிடங்களில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். எனக்கு அது பழக்கமான சத்தம். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், பெரும்பாலும் புகையாலோ விறகடுப்பாலோ, சித்தாள் வரிசையில் பாதிப் பேர் வேலைக்கு வருவதில்லை, கலவையும் கெட்டியாகிவிடுகிறது. உள்ளே போனது வெளியே வரத் தாமதமாகும், கிருமி தங்கும். கையிருப்பு மூச்சு குறைவாக இருப்பதால், மற்றவருக்குச் சாதாரணச் சளியாகப் போவது இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

மூன்றாவது வகைதான் நம் ஞாயிற்றுக்கிழமைக்காரர். அவருடைய நுண்ணறைகளில் புறாப் புரதத்தை எதிரி என்று உடல் பதிவுசெய்து வைத்திருக்கிறது. கடலை சாப்பிட்டதும் சிலருக்குத் தடிப்பு வருவதுபோல நிமிடங்களில் வெடிக்கும் ஒவ்வாமை இல்லை இது. வேறு வகை எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் படைதிரண்டு வர நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆகும். காலையில் பெருக்கினால் சாயங்காலம் காய்ச்சல் வருவது அதனால்தான். இதற்கு மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்று பெயர். அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் அந்த மெல்லிய சுவரில் தழும்பு விழும். தோலில் விழும் தழும்பு போல அதுவும் கெட்டியாக, சுருங்கி, நிரந்தரமாகிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியை இழுப்பவர்களுக்குக் காய்ச்சல் என்ற எச்சரிக்கைகூட வராமல் போகலாம். மூச்சிரைப்பு மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். வயதாகிவிட்டது என்று அவர்களும் நினைத்துக்கொள்வார்கள்.

இதற்குப் புறாதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் கண்டுபிடித்த வழி அவ்வளவு எளிமையானது.

1932-இல் இங்கிலாந்தில் கேம்பெல் என்ற மருத்துவர், பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளுக்கு இப்படி மூச்சிரைப்பு வருவதை விவரித்தார். வைக்கோலில் எது காரணம் என்பது அப்போது புலப்படவில்லை. பிறகு சுவீடனைச் சேர்ந்த உக்டெர்லோனி ஓர் அழகான சோதனையை உருவாக்கினார். ரம்ஜான் சமயத்தில் செய்யும் கடல்பாசி இனிப்பு தெரியுமல்லவா? அதே கடல்பாசியைச் சர்க்கரை இல்லாமல் காய்ச்சித் தட்டில் ஊற்றி, உறைந்ததும் இரண்டு சின்னக் குழிகள் வெட்ட வேண்டும். ஒன்றில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். மற்றதில் சந்தேகப்படும் பொருளின் சாறு. இரண்டும் ஜெல்லிக்குள் மெதுவாக ஊறிப் பரவும். நோயாளியின் எதிர்ப்பொருள் அந்தச் சாற்றை ஏற்கெனவே அறிந்திருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வெள்ளைக் கோடாகப் படிந்துவிடும். அறியாவிட்டால் கோடு விழாது. இந்த முறையில்தான் லண்டனில் ஜாக் பெப்பிஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் விவசாயிகளின் நோய்க்குக் காரணமான, வெம்மையான வைக்கோலில் வளரும் நுண்ணுயிரை அடையாளம் கண்டார்கள். 1965-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்லஸ் ரீடும் சகாக்களும் புறா வளர்ப்போரிடம் இதே நோயை விவரித்தார்கள். புறா வளர்ப்போருடைய ரத்தத் தெளிநீர் கோடு போட்டது புறாவின் புரதங்களோடு.

ஆனால் கோடு விழுந்தால் நோய் என்று முடிவுகட்ட முடியாது. புறா வளர்க்கும் ஆரோக்கியமான பலருக்கும் இந்தக் கோடு விழுகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பது மாதிரி அது. ஆள் வந்து போனார் என்று சொல்லும், என்ன செய்தார் என்று சொல்லாது. ஆகவே ஆய்வாளர்கள் அடுத்த படியாக, மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்து, நோயாளிகளைப் பறவைப் புரதச் சாற்றை மிகக் குறைந்த அளவில் மூச்சோடு இழுக்கச் செய்து பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து அதே குளிர், அதே காய்ச்சல், அதே மூச்சிரைப்பு. பறவையை விட்டு விலகியிருந்தால் குறைகிறது, திரும்ப நெருங்கினால் வருகிறது. ஒருவருக்கு வருவது ஏன், பக்கத்திலேயே இருக்கும் மனைவிக்கு வராதது ஏன் என்பதற்குப் பரம்பரையிலும் வேறு சில காரணங்களிலும் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கிருமிகளும் இதே தூசியில் ஏறித்தான் சவாரி செய்கின்றன. 1929-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசாகத் தென்னமெரிக்கக் கிளிகள் விற்பனைக்கு வந்தன. சில வாரங்களில் கிளி வாங்கிய வீடுகளில் கடுமையான நிமோனியா பரவியது. வாஷிங்டனில் இருந்த அரசுச் சுகாதார ஆய்வகத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆய்வாளர் நோயுற்ற கிளிகளைக் கட்டடத்தின் அடித்தளத்தில் வைத்துச் சோதித்தார். அவருடைய உதவியாளர் இறந்துபோனார், ஆம்ஸ்ட்ராங்கும் படுத்துவிட்டார். பிறகு அந்தக் கட்டடத்தில் கிளிகளைத் தொடவே தொடாத, வேறு அறைகளில் வேலை பார்த்த ஊழியர்களும் நோயில் விழத் தொடங்கினார்கள். இயக்குநர் மக்காய் பறவைகளைக் கொன்று, கட்டடத்தை நச்சுப்புகை போட்டுச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. கிளிக்காய்ச்சல் காற்றில் போகிறது என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த நிரூபணம் வேண்டாம். இன்று அதற்கு மருந்து இருக்கிறது. பறவையோடு பழகுகிறேன் என்று மருத்துவரிடம் நாம் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். 1955-இல் புறா எச்சத்தில் கண்டறியப்பட்ட கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் உண்டு. பெரும்பாலோரை அது ஒன்றும் செய்வதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுபவர்கள் போன்ற, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2025-இல் மும்பை மாநகராட்சி தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் புகழ்பெற்ற இடமான கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதும், அதை எதிர்த்து மக்கள் திரண்டதும் செய்திகளில் பெரிதாக அடிபட்டன. புண்ணியத்துக்குத் தானியம் போடுவது அங்கே நூற்றாண்டுப் பழக்கம். நமக்கும் காகத்துக்கு வைக்காமல் சாப்பிடாத வீடுகள் உண்டே. நகரங்களில் புறா பெருகிவருவதைப் பறவை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அதே சமயம் எல்லாப் பழியையும் புறாவின் மேல் போடுவதும் நியாயமில்லை. 2017-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், 19 நகரங்களில் நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 47.3 சதவீதத்தினருக்கு, இந்த மிகையுணர்வு அழற்சிதான் இருந்தது. அதில் அதிகம் அடிபட்ட பெயர் ஏர் கூலர். நாள் கணக்கில் ஈரமாக இருக்கும் அதன் புல் திரையில் பூஞ்சை வளர்ந்து, விசிறி அதை அறைக்குள் ஊதுகிறது.

இப்போது தட்டுக்கு வருகிறேன். முதலில் உங்கள் நுரையீரல் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிகையுணர்வு அழற்சி என்று உறுதியாகிவிட்டவர்களுக்குக் கீழே சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. அவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டோ, வாரம் ஒருமுறைக்குப் பதில் மாதம் ஒருமுறை கழுவியோ தப்பிக்க முடியாது. தட்டை எடுத்துவிட வேண்டும். இந்த அழற்சிக்குத் தூசியின் அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே பதிவாகிவிட்ட எதிரிக்கு மிகக் குறைந்த அளவே போதும் என்கிறேன். பறவையை அகற்றிய பிறகும் அதன் புரதம் வீட்டுத் தூசியில் பல மாதங்கள் இருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்துமாவோ சிஓபிடியோ உள்ளவர்கள், மருத்துவர் சரி என்றால், வைத்துக்கொள்ளலாம். விதி ஒன்றுதான்: உலர்ந்தது பறக்கும், நனைந்தது பறக்காது. துகள்களைத் தண்ணீர் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கிவிடுகிறது. ஒரு மைக்ரான் துகள்கள் சேர்ந்து சேறாகிவிட்டால் காற்று அதைத் தூக்காது. எனவே துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பானில் எடுத்துத் தட்டு, கைப்பிடிச் சுவர், தரை எல்லாம் நன்றாக நனையும்படி அடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சக் கூடாது. அது நனைப்பதற்குமுன் கிளப்பிவிடும். பிறகு ஈரத்துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போட்டுவிடலாம். சாதாரண வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். பெரிய குப்பையைப் பிடித்துவைத்துக்கொண்டு சின்னத் தூசியைப் பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே ஊதும்.

தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 2021-இல் அமெரிக்காவில் காட்டுப் பறவைகளிடமிருந்து சால்மோனெல்லா பரவி, 12 மாநிலங்களில் 29 பேர் நோயுற்றார்கள். அதில் 14 பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறை வெளியில் வைத்துக் கழுவுங்கள் என்றது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். சோப்புப் போட்டுத் தேய்த்தபின் ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காயவைக்கச் சொன்னார்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. எச்சத்தின் மேல் நேராக பிளீச்சை ஊற்றினால், அழுக்கோடு மல்லுக்கட்டியே அதன் பலம் தீர்ந்துபோகும். எச்சத்தில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயுவும் கிளம்பும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதோடு கலப்பவர்கள் குளோரின் வாயுவையே தயாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் இந்த பிளீச் வேலை என்னுடையதில்லை. என் மனைவி முடித்துவிட்டு வாசனை போனதும் கூப்பிடுவாள், நான் போய்த் தட்டை வெயிலில் காயவைப்பேன்.

முகக்கவசம் போடுவதானால் என்95 போடுங்கள். துணிக் கவசம் சல்லடை மாதிரி. கன்னத்தோரம் இடைவெளியும் இருக்கும். என்95-இன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, துளையைவிடச் சிறிய துகளையும் அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். மூச்சுத்திணறல் அதிகம் உள்ளவர்களுக்கு இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதே சிரமம். அவர்கள் வேறு ஆளிடம் விட்டுவிடுவதுதான் சரி.

தட்டை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். படுக்கையறைச் சன்னலுக்கோ ஏர் கூலருக்கோ பக்கத்தில் வைத்தால் தூசி உள்ளே வந்துவிடும். மொட்டைமாடியின் ஒரு மூலை நல்லது. அகலத் தட்டில் புறா ஏறி உட்கார்ந்து தின்று அங்கேயே எச்சமும் போடும். சிட்டுக்குருவியால் மட்டும் அலகை விட முடிகிற சின்னத் துளையுள்ள கலத்தில் தினையோ கம்போ போட்டால் புறா வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளில் தின்று தீருமளவு மட்டும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்து மிஞ்சும் தானியத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பூக்கும். அதன் வித்துகள் இரண்டு மூன்று மைக்ரான் அளவு, நுண்ணறைக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல. தானிய மூட்டையையும் வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் உமித்தூசி பறவைத் தூசிக்குச் சளைத்ததில்லை. தீனியே வைக்காமல் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வளர்த்தால் தேன்சிட்டு தானாக வரும், கழுவ வேண்டிய தட்டும் இருக்காது.

பறவையை விட்டபிறகும் காய்ச்சல் தொடர்ந்தவர்களின் கதைகளும் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. புறா இல்லை, கிளி இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. கடைசியில் சந்தேகம் படுக்கையின் பக்கம் திரும்பும். தலையணையையோ மெத்தென்ற போர்வையையோ பிரித்துப் பார்த்தால் உள்ளே வாத்து இறகு இருக்கும். நம் பாட்டிமார் அடைத்த இலவம்பஞ்சில் பறவைப் புரதம் கிடையாது. ஆனால் வெளிநாட்டு உறவினர் பெட்டியில் அடைத்துக்கொண்டு வரும் குளிர்காலப் போர்வையின் ஓரத்துச் சீட்டை ஒருமுறை படித்துவிட்டுப் போர்த்திக்கொள்ளுங்கள்.